மீன் வண்டியின் கியர்பாக்ஸும் என் கான்வென்ட் இங்கிலீஷும்

மோட்டார் ரிப்பேர் தொழிலில் கையில் ஒட்டுகிற கறுப்பு, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும்; முகத்தில் பூசிக்கொள்கிற கரி அவ்வளவு லேசில் போகாது. வீட்டுக்காரர் வொர்க்‌ஷாப் வைத்திருக்க, நீங்கள் பாட்டுக்கு உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, "இந்தா, கொஞ்சம் வெளியில வா" என்று நாலு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் கூப்பிடப்பட்ட சகோதரிகள் எல்லாரும் இதைப் படிக்கலாம். மற்றவர்கள் சிரிக்கலாம். எனக்குப் பழக்கம்தான்.

உத்தியோகம்

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்வளவுதான் வொர்க்‌ஷாப். தகரக் கொட்டகை, வேப்பமரம், எண்ணெய் பீப்பாய், மெக்கானிக் காதர். இங்கே கட்டுமாவடி மீன் வியாபாரி சவரிமுத்து ஒரு பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். யுத்தம் முடிந்து ராணுவத்தார் ஏலம் விட்ட வண்டி. அதன் பெட்டிக்குள் தடியாக ஒரு புத்தகம் கிடந்தது. என்ன கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முழுக்க முழுக்க இங்கிலீஷில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு நட்டும் போல்ட்டும் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எனக்கு அதற்கு நேர்மாறு. திருச்சி கான்வென்ட்டில் மதர்கள் எனக்கு ராணிக்குக் கடிதம் எழுதுகிற அளவு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கியர்பாக்ஸைப் பற்றி ராணிக்கு எதுவும் எழுத வேண்டிவரும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது என் உத்தியோகம். அவர் கேட்பார், நான் படித்துத் தமிழில் சொல்வேன், காதர் செய்வார். முதல் நாள் ஒரு பக்கம் முழுக்கத் தலை நிமிராமல் படித்துவிட்டுப் பெருமையோடு பார்த்தேன். காதர் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றார். "அக்கா, நீங்க படிக்கிறப்ப ஏதோ ஓதுற மாதிரி நல்லா இருக்குக்கா. புரியத்தான் இல்ல."

காலில் சுட்டது

அந்த வண்டி முதலில் கியர் நழுவுகிறது என்றுதான் வந்தது. காதர் கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி ஏற்றினார். வேலை முடிந்த வண்டியில், ரிப்பேர் பார்த்த பாகத்துக்கு என் வீட்டுக்காரர் வழக்கப்படி சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பினார். கியர் நழுவுவது நின்றது. பதிலுக்குச் சூடு பிடித்துக்கொண்டது. விடியுமுன் கட்டுமாவடியில் கிளம்பினால், அறந்தாங்கி தாண்டுவதற்குள் டிரைவரின் காலடிப் பலகை தொட முடியாதபடி கொதிக்கும். அடியில் எண்ணெய் சொட்டும். வல்லத்திராக்கோட்டையில் நிறுத்தி ஆறவைத்து வந்து சேருவதற்குள், மார்க்கெட்டில் மீன் வாங்க வந்தவர்கள் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஓட்டுகிறவன் ஆரோக்கியம், சவரிமுத்துவின் மனைவி பிலோமினாவுக்குத் தம்பி. அறந்தாங்கியில் ஒரு வாத்தியார் மகளை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கையில் வண்டி இருக்கிற பையன் என்றுதான் வாத்தியார் சம்மதித்தாராம். ஈரச் சாக்கில் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டு அவன் எங்கள் வளவில் வந்து இறங்கியபோது எனக்கே பாவமாக இருந்தது. "மொதலாளி, கியரு நழுவுனாத் தேவலைங்க. முந்தி மீனு மட்டுந்தான் கெட்டுச்சு, இப்ப நானும்ல வெந்துக்கிட்டு வாரேன்."

காய்ச்சல்

எண்ணெய்ச் சூடு இத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. நானும் படித்துத் தொலைத்தேன். டிகிரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று உள்ளே போய், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். நான் "என்னங்க" என்பதற்குள் அதைக் கியர்பாக்ஸ்மேல் சாத்தி வைத்துவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். பாதரசம் குட்டிக் குட்டி முத்தாக உருண்டு மண்ணுக்குள் போயிற்று.

அன்றைக்குப் பார்த்துச் சின்னவளுக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் இரவல் வாங்க, தெருக்கோடியில் இருக்கிற கம்பவுண்டர் வீட்டுக்கு நான்தான் போய் நின்றேன். உங்களுடையது எங்கே என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். கான்வென்ட்டில் படித்த தோஷம், உண்மை வந்துவிட்டது. அவர் சிரிக்கவே இல்லை. தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சொன்னார்: "அம்புட்டுக் காய்ச்சல் அடிச்சா வண்டி பொழைக்கிறது செரமம்மா. கஞ்சி மட்டும் குடுங்க."

சுர்ரா, சொய்யா

எனக்குப் பொறுமை கிடையாது. இது ஊருக்கே தெரியும். தெர்மாமீட்டர் இல்லாமல் சூட்டை எப்படிப் பார்ப்பது என்று மூன்று ஆண்பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்காமல், செம்புத் தண்ணீரை எடுத்து, தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரி கியர்பாக்ஸின் மேல் தெளித்தேன். சுர்ரென்று பொங்கி மறைந்தது. "தெரிஞ்சிருச்சா?" என்றேன்.

என்னையே அடித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து அதுவே வொர்க்‌ஷாப் வழக்கமாகிவிட்டது. எந்த வண்டி வந்தாலும், யார் நின்றாலும், "இந்தா, செம்பை எடுத்துக்கிட்டு வா!" என்று வாசலிலிருந்து சத்தம் வரும். தெளித்துவிட்டுச் 'சுர்' என்கிறதா, 'சொய்' என்கிறதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கூடப் படித்த ஒருத்தி காரில் வந்தவள், நான் முந்தானையைச் செருகிக்கொண்டு லாரிக்குத் தண்ணீர் தெளிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, டிரைவரை நிறுத்தாமல் போகச் சொன்னாள். அதைவிடச் சவரிமுத்து சொன்னதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. "சூடு பதமா இருக்குன்னா ரெண்டு ஊத்தப்பத்தை ஊத்திருங்கம்மா, பய காலையில இருந்து சாப்பிடல."

மூச்சு விடுகிறவர்

சூட்டுக்குப் புத்தகத்தில் வரிசையாகக் காரணங்கள் போட்டிருந்தன. எண்ணெய் குறைவா? ஊற்றினோம், சொட்டிவிட்டது. எண்ணெய் மட்டரகமா? மாற்றினோம். மூடி இடுக்கில் வைக்கிற பேக்கிங் அட்டை சரியில்லையா? காதர் புதிதாக வெட்டிப் போட்டார். பாரம் அதிகமா? சவரிமுத்து கூடைகளைக் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் மறுபடி சந்தனம் வைப்பார், வண்டி மணக்க மணக்கப் போகும், கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வரும்.

கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. 'ப்ரீதர்' கிளியராக இருக்கிறதா என்று பார்க்கவும், அவ்வளவுதான். ப்ரீத் என்றால் மூச்சு. ப்ரீதர் என்றால் மூச்சு விடுகிறவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓங்கிய குரலில் சொன்னேன்: "மூச்சு விடுகிறவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்கவும்." வண்டியில் மூச்சு விடுகிறவர் யார்? தெளிவாக இல்லாத ஆளை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்? அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். எல்லாருடைய தலையும் ஒன்றுபோல் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் மூக்கை லேசாக உறிஞ்சினார். அவனுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் கறுத்துவிட்டது. "அம்மா, நான் ஓட்டுறது வண்டி. என் மூச்சப் பத்தி வெள்ளக்காரன் எதுக்கும்மா புஸ்தகம் எழுதணும்?"

ஊதிக் காட்டு

நியாயமான கேள்வி. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நானோ இங்கிலீஷ் விஷயத்தில் என்னைக் கேள்வி கேட்டுவிட்டானே என்ற கோபத்தில், அதே வரியை இன்னொரு தடவை, இன்னும் நல்ல உச்சரிப்போடு படித்தேன். அச்சில் வந்ததற்கு மேல் பேச்சு உண்டா? குடித்துவிட்டு கியரை இஷ்டத்துக்குப் போடுகிறான், அதனால்தான் சூடு என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு தினமும் வண்டி எடுக்குமுன் சவரிமுத்து மைத்துனனைக் கரையில் நிற்கவைத்து, முகத்துக்கு நேரே ஊதச் சொல்லி மோந்து பார்ப்பாராம். வலைக்காரர்களெல்லாம் வேடிக்கை பார்ப்பார்களாம். ஒரு வாசமும் வரவில்லை. வராதது இன்னும் சந்தேகமாகப் போயிற்று, ஏதோ மென்று மறைக்கிறான் என்று. வண்டியோ கொதித்துக்கொண்டே வந்தது.

விஷயம் அறந்தாங்கிக்கும் போய்விட்டது. வாத்தியார் கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்தார். சவரிமுத்துவும் வேறு டிரைவர் பார்க்க ஆரம்பித்தார். எங்களிடம் வந்து சொல்லும்போது, அவருக்கு என்மேல் இருந்த மரியாதை கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை, அதுதான் கொடுமை. "நல்லவேளை, நீங்க படிச்சவுகளா இருந்ததால கண்டுபிடிச்சோம்மா. எங்களுக்கு எங்க தெரியப்போகுது!"

பெயரின் நீளம்

இரண்டு நாள் போயிருக்கும். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பிலோமினா. கட்டுமாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி ஓரமாக வைத்தாள். "ஒங்க புஸ்தகத்துல எந்தம்பி குடிகாரன்னு போட்டிருக்காமே? காட்டுங்க, பாப்போம்" என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்து அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், அவளுக்கு எந்த எழுத்துமே தெரியாது. நான் காட்டிய 'ப்ரீதர்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆரோக்கியசாமிங்கிறது எம்புட்டு நீளப் பேரு! இதுல அம்புட்டு நீளமா ஒண்ணையும் காணமேம்மா?"

சந்தன மலை

அவள் போன பிறகு சோற்றை அப்படியே மூடிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய டிக்‌ஷனரியைப் பரணிலிருந்து இறக்கினேன். மூச்சு விடுகிறவர் என்றுதான் அதுவும் சொல்லிற்று. டிக்‌ஷனரி என் கட்சியில் இருந்தும் நிம்மதி வரவில்லை. மறுபடி புத்தகத்தைப் புரட்டினபோதுதான் பக்கத்திலேயே ஒரு படம் இருப்பதைக் கவனித்தேன். படம் பார்ப்பதெல்லாம் மூன்றாம் வகுப்போடு சரி என்பது எங்கள் மதரின் கொள்கை. அதனால் இத்தனை நாளும் எழுத்தை மட்டும் படித்தேன். படத்தில் கியர்பாக்ஸின் தலையில் குமிழ் மாதிரி ஒரு சின்ன மூடி, அதில் ஊசித் துளை. அதற்கு அம்புக்குறி போட்டு எழுதியிருந்த பெயர், ப்ரீதர்.

வாசலில் சவரிமுத்துவின் வண்டி அப்போதுதான் வந்து நின்றது; வேறு டிரைவர் கிடைக்கும்வரை ஆரோக்கியம்தான் ஓட்டினான், பக்கத்தில் சவரிமுத்து. நான் போய்க் காலடிப் பலகையைத் தூக்கச் சொன்னேன். கீழே கியர்பாக்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் தலையில் குமிழும் இல்லை, துளையும் இல்லை. சந்தனத்தால் ஒரு குட்டி மலை, உச்சியில் குங்குமம். ஒவ்வொரு தடவையும் வைத்த சந்தனம் அப்பி அப்பிச் சூட்டில் வெந்து ஓடாக இறுகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்தக் குமிழ் பிள்ளையார் மாதிரி தெரிந்திருக்கிறது, பொட்டு வைக்க வாகாக. காதருக்கு அது முதலாளி வைத்த சாமி சமாச்சாரம், துடைக்கும்போதெல்லாம் அதைத் தொடாமல் சுற்றித் துடைத்திருக்கிறார். வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டிய வண்டிக்குச் சொந்தக்காரரான சவரிமுத்து, வேண்டாம் என்றால் மரியாதை இல்லை என்று வாயே திறக்கவில்லை. ஆளுக்கு ஆள் மரியாதை காட்டி அதன் மூக்கை அடைத்துவிட்டோம்.

கொண்டை ஊசியை உருவினேன். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது, ஆண்பிள்ளைகளுக்கு நடுவில். நின்று முடிய எனக்குப் பொறுமை இல்லை. சந்தனத்தை உடைத்துத் துளையில் குத்தினேன். புஸ்ஸென்று சீறி, கறுப்பு எண்ணெய் என் நெற்றியிலும் புடவையிலும் தெறித்தது. உலைப்பானையை வாயிறுகக் கட்டிவிட்டு அடுப்பெரித்தால் என்ன ஆகும்? உள்ளே சூட்டுக்காற்று போக வழியில்லாமல், எண்ணெயைக் கீழே சந்துபொந்து வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. எண்ணெய் வற்றவும் பல்லும் பல்லும் உராய்ந்து இன்னும் சூடு. காதர் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அக்கா, மூச்சு விடுறவரு இவருதானா!"

அவுக

ஆரோக்கியம் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தான். சவரிமுத்துதான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை: "இத யாரும்மா அடைச்சது?" என் வீட்டுக்காரர் எனக்கு எதிரே, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார். 'யாரோ' என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் அன்றைக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பதற்றத்தில் வாயில் வந்தது "அவுக" என்ற சொல். எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒருத்தி பேர் சொல்லாமல் 'அவுக' என்றால், அதற்கு உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் அர்த்தம். பேரைச் சொல்லியிருந்தாலாவது அந்தப் பேரில் வேறு யாராவது இருந்திருக்கலாம்.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். காதர் எங்கேயோ போய் எதையோ தேட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பீப்பாய்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே போய், எண்ணெய் முகத்தோடு நிலைப்படியில் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒனக்கு இங்கிலீசுலதான் தப்பு வரும்னு இருந்தேன். தமிழ்லயும் நல்லா வருது."

அறந்தாங்கியில் ஒரு பாடம்

அடைத்தது அவர். குடிகாரன் ஆக்கியது நான். மறுநாளே, மீனோடு வண்டியில் வந்திறங்கிய பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதே மீன் வண்டியில் அறந்தாங்கிக்குக் கிளம்பினேன். ஆரோக்கியம்தான் ஓட்டினான். வழி நெடுக அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு இங்கிலீஷில்தான் பழக்கம். அது இனி இவனிடம் செல்லாது. கடைசியில், வண்டியை விட்டு இறங்கும்போது, "ஆரோக்கியம், தப்பு என் பேரில்தாம்ப்பா" என்றேன். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "ப்ரீதர்... மூச்சு விடுகிறவர். நீங்க சரியாத்தானம்மா சொல்லியிருக்கீங்க!" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. என் மொழிபெயர்ப்பு தப்பு என்று நானே ஒரு வாத்தியாரோடு வாதாட வேண்டியதாயிற்று. படத்தைக் காட்டினேன். நம்பவில்லை. வாசலுக்குக் கூட்டிவந்து, வண்டிப் பலகையைத் தூக்கி, கியர்பாக்ஸில் அவர் கையைப் பிடித்து வைத்தேன். கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து அறந்தாங்கி திரும்பியிருந்த வண்டி. கை வைக்கிற சூடுதான் இருந்தது. "ஐயா, இந்தத் தம்பி ஒருநாளும் குடிக்கவில்லை. தெளிவில்லாமல் இருந்தது நான்" என்றேன். சந்தனக் கதையையும் சொன்னேன். தெருவே கூடி நின்று கேட்டது.

வாத்தியார் லேசில் விடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அடைச்சுக்கிட்டது வண்டிக்கு. சரி. அப்ப மாப்பிள்ளை எதுக்குத் தினம் கரையில நின்னு எல்லாருக்கும் ஊதிக் காட்டினாரு?" என்றார். ஆரோக்கியம் வண்டிக்குள்ளேயே குனிந்துகொண்டான். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் குரல் வந்தது, தகப்பனாரின் அதே வாத்தியார்க் குரலில். "ஊதச் சொன்னா எதுக்குன்னு கேக்காம ஊதுவாரா? அப்ப எனக்குச் சம்மதம்ப்பா."

ஆக, வண்டிக்கு மூச்சு வந்தது, ஆரோக்கியத்துக்குக் கல்யாணம் நடந்தது, எங்கள் வளவில் மட்டும் இப்போது ஏதாவது வண்டி சூடு என்று வந்து நின்றால் சந்தனக் கிண்ணத்தை அவுகளும் இங்கிலீஷ் புத்தகத்தை நானும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறோம்.